பைலட் ஆக விரும்புவோரும் அவர்களைப் பெற்றவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ப்ளஸ் டூ முடிவுகள் வரும் மே மாதத்தில் இந்தக் கேள்விகள் குவியும். பாதி மாணவர்கள் கேட்பவை, பாதி அப்பா அம்மா கேட்பவை. இங்கே உள்ள பதில்கள் இந்தியாவில் பயணிகள் விமான நிறுவனங்களில் பைலட் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு. விமானப்படைக்கான வழி வேறு, அதற்கு என்.டி.ஏ., ஆஃப்கேட் தேர்வுகள் இருக்கின்றன. கட்டணங்களைத் தோராயமாகவே சொல்லியிருக்கிறேன். விதிகளும் அவ்வப்போது மாறும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி.சி.ஏ.வின், இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படித்தால் பைலட் ஆகலாமா?

ஆக முடியாது. அது விமானத்தை வடிவமைக்கவும் உருவாக்கவும் சொல்லித்தரும் படிப்பு. பி.எஸ்சி. ஏவியேஷன், ஏவியேஷன் மேனேஜ்மென்ட், பி.பி.ஏ. ஏர்லைன்ஸ் என்று பல பெயர்களில் கல்லூரிகள் நடத்தும் படிப்புகளும் பைலட் உரிமம் தருவதில்லை. விளம்பரப் பலகையில் பைலட் போலத் தோளில் நான்கு கோடு போட்ட சட்டையுடன் ஒரு பையன் சிரித்துக்கொண்டு நிற்பான், அதை நம்பிச் சேர்ந்துவிடுகிறார்கள். பைலட் ஆக வேண்டியது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், சுருக்கமாக சி.பி.எல். அதைத் தருவது டி.ஜி.சி.ஏ. மட்டுமே. பட்டப்படிப்பு இதற்குக் கட்டாயம் இல்லை.

இருந்தாலும் தபால் வழியிலாவது ஒரு பட்டம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பது வேலை பற்றிய கேள்விக்கு வரும்போது புரியும்.

ப்ளஸ் டூவில் என்ன பாடம் எடுத்திருக்க வேண்டும்? நான் காமர்ஸ் குரூப்.

இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பது நீண்டகால விதி. அதைத் தளர்த்துவது பற்றி 2025இல் பேச்சு எழுந்தது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறிவிட்டு வருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. பயாலஜி குரூப் எடுத்துக் கணக்கை விட்டவர்களுக்கும் இதே வழிதான்.

வயது: மாணவர் பைலட் உரிமத்துக்கு 16, சி.பி.எல்.லுக்கு 18.

எதிலிருந்து தொடங்குவது?

மருத்துவப் பரிசோதனையிலிருந்து. பணம், பள்ளி, புத்தகம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டு கட்டம் இருக்கிறது. முதலில் கிளாஸ் 2 மெடிக்கல். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே உண்டு, சென்னையிலும் இருக்கிறார்கள். அது முடிந்ததும் கிளாஸ் 1. சி.பி.எல்.லுக்கு இது இல்லாமல் ஆகாது. முதல் கிளாஸ் 1 பரிசோதனையை டெல்லியிலும் பெங்களூருவிலும் உள்ள விமானப்படை மருத்துவ மையங்கள் போன்ற குறிப்பிட்ட இடங்களில்தான் செய்வார்கள். தேதி கிடைக்கவே காத்திருக்க வேண்டிவரும். கண், காது, மூக்கு, இதயம், ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள்.

கிளாஸ் 2 கிடைத்தவுடனே பல பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். விதிப்படி அது சரிதான். ஆனால் கிளாஸ் 1 கைக்கு வராமல் பெரிய தொகை எதையும் கட்டாதீர்கள். இருபது லட்சம் கட்டிய பிறகு நிறக்குருடு என்று தெரியவருவதைவிடக் கொடுமை இந்தத் துறையில் வேறில்லை. நிறங்களைப் பிரித்தறியும் சோதனையை உங்கள் ஊர் கண் மருத்துவரிடமே முன்கூட்டிச் செய்துகொள்ளலாம், செலவும் சொற்பம்.

'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதித் தந்தால் இடிந்துபோக வேண்டாம். எடை கூடுதல், மூக்குத் தண்டு வளைவு போன்றவை சரிசெய்துகொண்டு மறுபடியும் போகக்கூடியவை. மறைப்பதுதான் தவறு. சிறுவயதில் வலிப்பு வந்தது, அறுவை சிகிச்சை நடந்தது என்றால் சொல்லிவிடுங்கள். பிற்பாடு தெரியவந்தால் உரிமமே போகும்.

என் மகன் கண்ணாடி போட்டிருக்கிறான். வாய்ப்பு உண்டா?

உண்டு. கண்ணாடியுடன் பார்வை குறிப்பிட்ட அளவுக்கு வந்தால் போதும். கண்ணாடி அணிந்தே வேலை பார்க்கும் கேப்டன்கள் ஏராளம். உரிமத்தில் 'கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும், கூடுதலாக ஒன்று கையில் இருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை வரும், அவ்வளவுதான். லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைத்தால் விமான மருத்துவரைக் கேட்ட பிறகு செய்யுங்கள். அவசரப்பட்டுச் செய்துவிட்டு அப்புறம் கேட்டு வருபவர்கள்தான் அதிகம்.

எழுத்துத் தேர்வுகள் கடினமா?

ஏர் நேவிகேஷன் (வழி கணித்தல்), வானிலையியல், ஏர் ரெகுலேஷன்ஸ் (விமான விதிகள்), டெக்னிக்கல் ஜெனரல் (விமானங்களின் பொதுத் தொழில்நுட்பம்), டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் (குறிப்பிட்ட ஒரு விமானத்தின் தொழில்நுட்பம்) ஆகிய ஐந்து தாள்கள். கணினியில் எழுதுவது, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. இவை தவிர ஆர்.டி.ஆர். என்ற வானொலித் தொடர்பு உரிமம் ஒன்று உண்டு. அது நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருந்தது. பழைய 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பொறுப்பு டி.ஜி.சி.ஏ.விடம் போனது.

நேவிகேஷன்தான் பலரை உட்கார வைக்கும் தாள். வானிலையியலை எளிதாக நினைத்துக் கோட்டைவிடுவார்கள்.

என் யோசனை: பறக்கத் தொடங்கும் முன்பே இந்தத் தாள்களை முடித்துவிடுங்கள். வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். தாள்கள் முடிந்த மாணவனுக்குப் பள்ளியில் முழு நேரமும் பறப்பதற்கே. முடிக்காதவன் காலையில் பறந்துவிட்டுச் சாயங்காலம் கோச்சிங் தேடி அலைவான், இரண்டும் கெடும். இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆறு மாதம் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது உண்மையான ஆசை. வெளியேறுவதென்றால் இந்தக் கட்டத்தில் சில ஆயிரங்களோடு போய்விடும்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் பேசத் திணறுவேன்.

இது தடையே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தேர்வும் பாடமும் வானொலிப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலத் தேர்ச்சி உரிமத்திலேயே பதிவாக வேண்டும்.

ஆனால் அங்கே வேண்டியது இலக்கிய ஆங்கிலம் அல்ல. வானொலியில் பேசும் சொற்கள் சில நூறுதான், வரிசைகூட முன்பே தீர்மானமானது. கன்ட்ரோல் டவர் ஒரு உயரத்தையோ திசையையோ சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களுக்கென்று தனி உச்சரிப்பு: மூன்றை 'ட்ரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்வார்கள், இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. நம் நாட்டு விமானங்களின் பதிவெண் 'விக்டர் டேங்கோ' என்று தொடங்கும். இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். திணறல் எங்கே வருமென்றால், எதிர்பாராத ஒன்று நடக்கும்போது சொந்த வாக்கியத்தில் விளக்க வேண்டிய இடத்திலும், விமான நிறுவன நேர்முகத் தேர்விலும்தான். அதற்கு ஒரே வழி தினமும் வாய்விட்டுப் பேசுவது. உச்சரிப்பு வெள்ளைக்காரர் போல இருக்க வேண்டியதில்லை. தெளிவாக, நிதானமாக இருந்தால் போதும். மதுரைத் தமிழ் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் உலகம் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

கால்குலஸ் வேண்டாம். மனக்கணக்கு வேண்டும், அதுவும் கை வேறு வேலையில் இருக்கும்போது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு டிகிரி திசை தவறினால் 60 கடல் மைல் போனதும் பாதையிலிருந்து ஏறத்தாழ ஒரு கடல் மைல் விலகியிருப்பீர்கள். 30 மைல் போய் இரண்டு மைல் விலகியிருக்கிறீர்கள் என்றால் தவறு எத்தனை டிகிரி? நான்கு. இதைக் காகிதம் இல்லாமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இறங்கத் தொடங்கும் இடம். உயரத்தை ஆயிரம் அடிக் கணக்கில் எடுத்து மூன்றால் பெருக்கினால் எத்தனை கடல் மைலுக்கு முன் இறங்கத் தொடங்க வேண்டும் என்பது தோராயமாக வரும். 35,000 அடி என்றால் 105 கடல் மைல், அதாவது சுமார் 195 கிலோமீட்டர். டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் நெல்லூரை எட்டும் முன்பே இறங்கத் தொடங்கிவிடுவது இதனால்தான். கணினி இதையெல்லாம் போட்டுக் காட்டும். அது காட்டுவது சரிதானா என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

200 மணி நேரம் பறந்தால் போதும் என்கிறார்களே, ஏழெட்டு மாதத்தில் முடிந்துவிடுமா?

பள்ளியின் விளம்பரக் காகிதத்தில் முடியும். நடப்பில் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு சாதாரணம்.

200 மணி நேரம் என்பது எப்படி வேண்டுமானாலும் பறந்து சேர்ப்பது அல்ல. அதில் 100 மணி நேரம் நீங்களே விமானத்தின் பொறுப்பாளராக, அதாவது 'பைலட் இன் கமாண்ட்' ஆக, பறந்திருக்க வேண்டும். 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போகும் பயணம், அதில் ஒன்று 300 கடல் மைலுக்குக் குறையாமல், நடுவே இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று. இரவில் ஐந்து மணி நேரம், பத்து முறை ஏறி இறங்கி. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. இரண்டு என்ஜின் விமானத்தில் பயிற்சியும் சேர்ந்துகொள்ளும்.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் மாணவர் அல்ல. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. மேற்கில் ஜூன் முதல் பருவமழை. விமானம் பழுதாகி நின்றால் உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பயிற்றுநர் ஒரு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய்விடுவார். அப்படி மூன்று வாரம் பறக்காமல் இருந்துவிட்டால் கற்றதில் ஒரு பகுதி மறந்துபோகும், பயிற்றுநருடன் மீண்டும் ஒருமுறை போய்ப் பழக வேண்டியிருக்கும், அந்த நேரமும் உங்கள் கணக்கில்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

சி.பி.எல். வரை அரை கோடி ரூபாய், தங்கும் செலவைச் சேர்த்தால் அதற்கு மேலும். அரசு நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது, 1985இல் நிறுவப்பட்டது. அங்கேயும் கட்டணம் இதை ஒட்டியே இருக்கும், 'அரசுப் பள்ளி, இலவசம்' என்று நினைக்காதீர்கள். நுழைவுத் தேர்வு எழுதி, நேர்முகம் முடித்து உள்ளே போக வேண்டும்.

சி.பி.எல்.லோடு செலவு முடிவதில்லை. நீங்கள் பயிற்சி எடுத்தது செஸ்னா போன்ற சின்ன விமானத்தில். ஏர்பஸ் 320 ஓட்ட அதற்கென்று 'டைப் ரேட்டிங்' என்ற தனித் தகுதி வேண்டும். அது சிமுலேட்டரில், அதாவது விமான அறையைப் போலவே அமைத்த இயந்திரத்தில், நடக்கும் பயிற்சி, பதினைந்து லட்சத்துக்கு மேல். வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் மெடிக்கலை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைப் புதுப்பிக்க வேண்டும், கை மறக்காமல் இருக்க நடுநடுவே பறக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக் காலத்துக்குப் பணம் ஒதுக்காமல் வருவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய சிக்கல். பெண் கல்யாணத்துக்கு மண்டபம் வரை கணக்குப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை விட்டுவிடுவது போல. கையில் அறுபது லட்சம்தான் இருக்கிறது என்றால் நாற்பத்தைந்தில் முடிக்கும் பள்ளியைத் தேடுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள்.

அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். கடன் வாங்கலாமா?

கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கிகள் சொத்து ஈடு கேட்கும். ஆகவே இந்தப் படிப்புக்குக் கடன் என்றாலே பெரும்பாலும் வீட்டுப் பத்திரம்தான்.

வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். வாங்கித்தான் பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு வேலை கிடைக்காவிட்டால் மாதத் தவணையை யார் கட்டுவது? இதற்கு ஒரு பதில் இருந்தால் வாங்குங்கள். 'அதெல்லாம் கிடைத்துவிடும்' என்பது பதில் இல்லை. வீட்டில் இன்னொரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் அவளையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள், அவளுடைய பங்கும் அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

பட்டியலினத்தைச் சேர்ந்த மாணவர்களுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் சி.பி.எல். பயிற்சிக்கும் இடம் உண்டு. எந்தெந்தப் பள்ளிகள் அதில் வருகின்றன என்று பார்த்து அங்கே விண்ணப்பியுங்கள்.

நல்ல ஃப்ளையிங் ஸ்கூலை எப்படிக் கண்டுபிடிப்பது?

டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உள்ளதா என்பது முதல் கேள்வி. 2025 அக்டோபர் முதல் பயிற்சிப் பள்ளிகளை அவர்களே தரம் பிரித்து ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறார்கள், அதைப் பாருங்கள். அதோடு நிற்காமல் நேரில் போங்கள். தங்கும் விடுதியும் வரவேற்பறையும் பளபளவென்று இருக்கும், அதையெல்லாம் தாண்டி விமானங்களை நிறுத்திவைக்கும் ஹேங்கருக்குள் போங்கள்.

எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்று எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். பத்து விமானத்தில் நான்கு மூலையில் என்ஜின் இல்லாமல் நிற்கும். அந்த நான்கையும் சேர்த்துத்தான் விளம்பரத்தில் எண்ணிக்கை சொல்லியிருப்பார்கள். எத்தனை மாணவர்கள், எத்தனை பயிற்றுநர்கள், போன மாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள்? கடைசி எண்ணை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஐந்து மணி நேரம் வந்தால் 200 மணி நேரத்துக்கு நாற்பது மாதம் ஆகும். இந்த வகுத்தலை நிர்வாகத்தின் முன்னாலேயே செய்யுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அப்புறம் வெளியே டீக்கடையில் மாணவர்களைப் பிடியுங்கள். சேர்ந்து எத்தனை மாதம், எத்தனை மணி நேரம் என்ற இரண்டு எண்ணைக் கேட்டால் போதும், கதை முழுவதும் தானாக வரும். பழைய மாணவர் ஒருவர் போதாது, மூன்று நான்கு பேரிடமாவது பேசுங்கள்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். பறந்த மணிநேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுவதும், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே பாதுகாப்பு விஷயத்தில் பேச்சு எப்படி இருக்கிறது என்றும் கவனியுங்கள். 'காற்று அதிகம், நான் இன்று போகவில்லை' என்று சொன்ன மாணவனை ஏளனம் செய்யும் பள்ளி வேண்டாம்.

வெளிநாட்டில் படித்தால் சீக்கிரம் முடியுமாமே?

அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்குப் போகிறார்கள். வானிலை நன்றாக இருக்கும் இடங்களில் வேகமாக முடிகிறது, உண்மைதான். ஆனால் அங்கே வாங்கிய உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். இங்குள்ள தேர்வுகளை எழுத வேண்டும், ஆர்.டி.ஆர். வேண்டும், பறப்புத் திறன் சோதனைகளும் இருக்கும். மாற்றி முடிக்க ஆறு மாதம் ஒரு வருடம் ஓடுவதும் உண்டு. வேகம் என்று நினைத்தது அங்கே கரைந்துவிடும்.

இதில் அடிக்கடி நடக்கும் சறுக்கல் ஒன்று. அந்த நாட்டு விதிப்படி மணிநேரம் சரியாக இருக்கும், நம் டி.ஜி.சி.ஏ. கேட்கும் பிரிவுக் கணக்கில் இரண்டு மணி நேரம் இடிக்கும். 300 மைல் பயணத்தில் ஒரு இடத்தில் நிறுத்தாமல் தொட்டுவிட்டு ஏறியிருப்பார்கள். அதைச் சரிக்கட்ட மறுபடியும் பணம். போகும் முன்பே இந்திய விதியை அச்சிட்டுக் கையில் எடுத்துப் போங்கள். இந்திய கிளாஸ் 1 மெடிக்கலையும் போகும் முன்பே முடியுங்கள்.

விமான நிறுவனங்களின் கேடட் திட்டம் நல்லதா?

பணம் இருப்பவர்களுக்கு இதுதான் நேர்வழி என்பது என் கருத்து. இண்டிகோ, ஏர் இந்தியா போன்றவை தேர்வு வைத்து மாணவர்களை எடுத்து, தங்களோடு ஒப்பந்தமுள்ள பள்ளிகளில் பயிற்சி தந்து, டைப் ரேட்டிங்கும் முடித்து வேலைக்கு எடுக்கின்றன. செலவு மாணவருடையது, மொத்தம் ஒரு கோடியை எட்டும். காத்திருப்பு குறையும், அதற்குத்தான் அந்த விலை. ஆனால் கையெழுத்திடும் காகிதத்தில் வேலை உறுதி என்று இருக்கிறதா, 'நிபந்தனைக்குட்பட்டு' என்று இருக்கிறதா என்பதைப் படியுங்கள். இடையில் நிறுவனம் தடுமாறினால் என்ன ஆகும் என்ற பத்தியை வக்கீலிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

பைலட் பற்றாக்குறை என்று செய்தி வருகிறது. ஆனால் உரிமம் வைத்திருப்பவர்கள் வேலை இல்லை என்கிறார்களே?

இரண்டும் உண்மை. பற்றாக்குறை கேப்டன்களுக்கு. வேலை தேடுகிறவர்கள் 200 மணி நேரம் முடித்த புதியவர்கள்.

2023 ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, அதே ஆண்டில் ஏர் இந்தியா 470க்குக் கொடுத்தது. செய்தியைப் பார்த்துப் பயிற்சிப் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. வழங்கிய சி.பி.எல். 1,622. விமானங்களோ ஆர்டர் கொடுத்த மறுநாள் வருவதில்லை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பரவி வரும். 2025 டிசம்பரில் புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்ப ஆளில்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தபோதும் உடனே தேவைப்பட்டது, பயிற்சி முடித்து ஏற்கெனவே பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள். நேற்று உரிமம் வாங்கியவரை அந்த இடத்தில் உட்கார வைக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

இந்தத் தொழிலே அலைபோல ஏறி இறங்குவது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணிநேர அனுபவம் உள்ளவர்கள் சந்தைக்கு வந்து புதியவர்களுக்கு முன்னால் நின்றார்கள். 2020இல் கொரோனா. நீங்கள் படிப்பில் சேரும்போது இருக்கும் நிலவரம் முடிக்கும்போது இருக்காது, நல்லதாகவும் மாறலாம், கெட்டதாகவும் மாறலாம். பட்டம் ஒன்று கையில் இருக்கட்டும் என்று மேலே சொன்னது இதற்காக.

காத்திருக்கும் காலத்தில் பயிற்றுநர் ஆவதற்கான ரேட்டிங் எடுத்து, பயிற்சிப் பள்ளியிலேயே வேலை பார்ப்பது நல்ல வழி. சம்பளம் குறைவு. ஆனால் மணிநேரம் ஏறும், பறத்தல் மறக்காது, மற்றவருக்குச் சொல்லித்தரும்போது நமக்கே பல விஷயம் அப்போதுதான் விளங்கும்.

வேலை கிடைக்கும் முன்பே சொந்தச் செலவில் டைப் ரேட்டிங் முடித்துவிடலாமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். நீங்கள் ஏர்பஸ் 320க்கு முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள், ஆகாசா ஏர் ஆள் எடுப்பார்கள், அவர்களிடம் இருப்பது போயிங் 737. பறக்காமல் வைத்திருந்தால் ரேட்டிங்கும் காலாவதியாகும். சில நேரம் நிறுவனங்களே 'டைப் ரேட்டிங் உள்ளவர்கள் மட்டும்' என்று விளம்பரம் தருவதுண்டு. அப்போதும் அந்த அலை எத்தனை மாதம் நீடிக்கும் என்று உள்ளே இருக்கும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சம்பளம்?

ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது இளநிலைத் துணை பைலட்டாக, பயிற்சியில் இருக்கும்போது குறைவு. முழு ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆனதும் மாதம் ஒன்றரை இரண்டு லட்சத்துக்கு மேல், பறக்கும் நேரத்தைப் பொறுத்து. கேப்டனுக்கு அதைப்போல் சில மடங்கு. கேப்டன் ஆக ஏ.டி.பி.எல். என்ற அடுத்த உரிமம் வேண்டும்: வயது 21, பறந்த நேரம் 1,500 மணி. அதற்கு மேல் நிறுவனத்தின் தேர்வும் உண்டு, காலியிடமும் இருக்க வேண்டும். நாலைந்து ஆண்டில் ஆனவரும் உண்டு, பத்தாண்டு ஆனவரும் உண்டு.

பெண் பிள்ளைக்கு ஏற்ற தொழிலா?

இந்தியாவில் பைலட்டுகளில் பெண்களின் பங்கு உலகச் சராசரியைப் போல இரு மடங்குக்கும் மேல். புதிதாக வந்த வழக்கமும் அல்ல. சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் 1949இல் பெங்களூரு ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். மெட்ராஸ் அரசு வாங்கிய டவ் விமானத்தைக் கணவர் சுந்தரத்தோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். ஆகவே இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, விடுதி பாதுகாப்பானதா, பயிற்றுநர்கள் மரியாதையாக நடத்துகிறார்களா என்று அங்கே படிக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

வாழ்க்கை எப்படி இருக்கும்?

தீபாவளிக்கு வீட்டில் இருப்போமா என்பது ரோஸ்டர், அதாவது மாதப் பணி அட்டவணை, வந்தால்தான் தெரியும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்பும் நாளும் உண்டு, அந்த நேரத்துக்கு வேலை முடிந்து படுக்கும் நாளும் உண்டு. ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, வாரத்தில் தொடர்ச்சியாக 48 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. இருந்தும் களைப்புதான் இந்தத் தொழிலின் நிரந்தர எதிரி. தூக்கத்தை மதிக்காதவர்கள், 'நான் நாலு மணி நேரம் தூங்கினால் போதும்' என்று பெருமை பேசுகிறவர்கள் இதற்குச் சரிப்படமாட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறையாவது மெடிக்கல். அறுபத்தைந்து வயது வரை பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கும் வேலை இது.

லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில், சில மணிநேரம் கூட்டி எழுதித் தருகிறோம் என்று ஒருவர் சொல்கிறார்…

ஓடிவிடுங்கள். 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் வாங்கிய பைலட்டுகள் கைதானார்கள், அதன்பின் நாடு முழுக்கக் கோப்புகளைத் தோண்டினார்கள். மாட்டிக்கொள்வது ஒரு பக்கம். எழுதிவைத்த அந்த மணிநேரத்தில் கற்றிருக்க வேண்டிய, குறுக்கே காற்று வீசும்போது விமானத்தை இறக்கும் முறையை நீங்கள் கற்றிருக்கமாட்டீர்கள், பின்னால் ஒருநாள் அது தேவைப்படும்போது கூட இருப்பவர்கள் பயணிகள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில கேள்விகள்

*உயரம் குறைவு, பரவாயில்லையா?* விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் பெடலைக் கால் முழுதாக எட்ட வேண்டும், வெளியே பார்வை தெரிய வேண்டும். பள்ளிகளும் நிறுவனங்களும் தங்களுக்கென அளவு வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

*முதல் தடவை தனியாகப் பறக்க எத்தனை மணி நேரம் ஆகும்?* ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து அறைக்காரன் உங்களுக்கு முன் சோலோ போய்விட்டான் என்று பதற வேண்டாம், எந்த விமான நிறுவனமும் அதைக் கேட்பதில்லை.

*எனக்கு ரங்கராட்டினம் ஏறினாலே தலை சுற்றும்.* தொடக்கத்தில் வாந்தி எடுக்கும் மாணவர்கள் நிறைய. பலருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். பழகுகிறதா என்று பார்க்க, சேரும் முன்பே ஏதாவது பள்ளியில் பயிற்றுநருடன் அரை மணி நேரம் பறந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

*குடிப்பழக்கம் இருந்தால்?* பறக்கும் முன் மூச்சுச் சோதனை உண்டு, அளவு சுத்தமாகப் பூஜ்ஜியம் இருக்க வேண்டும். முதல் முறை மாட்டினால் மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாவது முறை உரிமமே ரத்து. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்கும் தடை இருக்கிறது. இருமல் மருந்து வாங்கினாலும் பாட்டிலின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.